வருஷத்துக்கு ஏழு நாள்

கணவன் மனைவி இருவரும் வந்தால்தான் பரிசு
என்றாள் போனில் அந்தப் பெண்.
இருவரின் ஆதாரும் வேண்டுமாம்.
எப்போதோ பெட்ரோல் பங்கில்
சில்லறைக்குக் காத்திருந்த நேரத்தில்
நான் நிரப்பிப் போட்ட சீட்டு.
பரிசு, ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு.
கக்கதாசபுராவில் நான் பார்த்திருக்கும் ஒற்றை அறைக்கு
இன்னும் காஸ் வரவில்லை.
சுதாகரனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.
"எத்தனை மணிக்கு?" என்றான்.
வேறெதுவும் கேட்கவில்லை.
செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் பார்க்கத்தான் போகிறோம்,
அதற்கு முன்னால் ஒரு ஞாயிறு.

மாரத்தஹள்ளி ஓட்டலின் மூன்றாம் மாடி.
வட்ட மேசைகள், கிண்ணத்தில் வேர்க்கடலை,
பேச்சு பக்கத்து மேசைக்குக் கேட்காதபடி சத்தமாய் ஒரு பாட்டு.
எங்களுக்கு வாய்த்தவன் ஓசூர்ப் பையன்.
காலரில் இஸ்திரி தீய்த்த மஞ்சள் தடம்.
எங்கள் தமிழ் காதில் விழுந்ததும்
"நம்மாளுங்க" என்று நாற்காலியை நெருக்கிப் போட்டான்.

"கடைசியா ரெண்டு பேரும் சேர்ந்து எங்க போனீங்க?"
சுதாகரன் தண்ணீர் குடித்தான்.
வக்கீல் ஆபீஸ் என்று நான் சொல்லவில்லை.
"மடிக்கேரி" என்றேன்.
ஆறு வருஷம் ஆகிறது. மூன்று நாளும் மழை.
அறைக்குள்ளேயே சண்டை போட்டோம் என்று ஞாபகம்.
அவனுக்கு வேறு ஞாபகம் இருக்கலாம்.

பையன் கணக்குப் போட்டான்.
அறை வாடகை இவ்வளவு, விலைவாசி ஏற ஏற இவ்வளவு,
நாங்கள் வீணாக்கப் போகும் பணம் இவ்வளவு.
எண்களைத் தலைகீழாய் எழுதினான்
எங்கள் பக்கம் நேராய்த் தெரியும்படி.
எத்தனை நாள் பழகியிருப்பான் அப்படி எழுத!
"வருஷத்துக்கு ஏழு நாள், மேடம்.
இருபத்தஞ்சு வருஷம்.
உங்களுக்கப்புறம் உங்க பிள்ளைங்களுக்கு."
பிள்ளைகள் என்ற சொல்
கடலைக் கிண்ணத்தின் பக்கத்தில் கிடந்தது.
யாரும் எடுக்கவில்லை.

பின்னால் மணி அடித்தது. கைதட்டல்.
எவரோ கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.
பையன் தட்டினான், எங்களையும் தட்ட வைத்தான்.

யோசித்துச் சொல்கிறோம் என்றேன்.
உடனே மேனேஜர் வந்தார், நாகபூஷண்.
நாலேகால் லட்சம் மூன்றேகால் ஆனது,
மூன்றேகால் இரண்டே முக்கால்.
இந்த மேசையில் இந்த விலை, எழுந்தால் கிடையாது.
இப்போதைக்குக் கார்டில் இருபதாயிரம் தேய்த்தால் போதும்.
"மிசஸ்க்காக இதுகூட செய்ய மாட்டீங்களா, சார்?"

இங்கேதான் அவன் வழுக்குவான். எனக்குத் தெரியும்.
வாட்டர் ஃபில்டர், ட்ரெட்மில், இரண்டு இன்சூரன்ஸ்,
ஒரு முழு வால்யூம் செட், பிரிக்காமலேயே.
வாசலுக்கு வந்த யாரையும்
வெறுங்கையோடு அனுப்பாதவன்.
வக்கீல் எழுதிய காகிதத்தில் அதெல்லாம் இல்லை.

"வேண்டாம்" என்றான்.
ஏன் சார் என்றார் மேனேஜர்.
காரணம் எதுவானாலும் அவரிடம் பதில் இருக்கும்,
அதனால் காரணம் சொல்லவில்லை அவன்.
"வேண்டாம்."
நானும் சொன்னேன். அவன் முன்னே, நான் பின்னே,
அப்புறம் இரண்டு பேரும் ஒன்றாய்.
கல்யாணத்தில்கூட அவன் மட்டும்தான் சொன்னான்
ஐயர் சொல்லச் சொல்ல.
நான் தலை குனிந்திருந்தேன்.

"நல்ல ஜோடி" என்று
நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போனார் நாகபூஷண்.

பையன் பரிசு கொடுக்கும் இடம்வரை கூட வந்தான்.
மூன்று வாரமாய் என் மேசையில் மணி அடிக்கவில்லை என்று
அங்கிருந்த பெண்ணிடம் கன்னடத்தில் சொன்னான்.
எனக்குக் கன்னடம் தெரியும்.
"அந்த ரிசார்ட்டுக்கெல்லாம் போயிருக்கியாப்பா?"
"போட்டோ பாத்திருக்கேன், அக்கா."

லிஃப்டில் பெட்டியை சுதாகரன் வைத்திருந்தான்.
"ஒயர் ரொம்பக் குட்டை போல.
பிளக் பாயின்ட் பக்கத்துல இருக்கா, உன் ரூம்ல?"
இருக்கு என்றேன்.
பார்த்த ஞாபகம் இல்லை.